குலக்கல்வித் திட்டம்: அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பா தொழில்

"குலக்கல்வித் திட்டம்" என்ற பெயரை அரசாங்கம் வைக்கவில்லை. 1953ல் சென்னை மாநில அரசு வைத்த பெயர் "திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்". வாயில் நுழையாத பெயர். எதிர்த்தவர்கள் வைத்த பெயர் சின்னதாக, சுருக்கென்று குத்துவதாக இருந்தது. அதுவே நிலைத்துவிட்டது. இன்று பொதுத்தேர்வில் இரண்டு மார்க் கேள்விக்கு எழுதும் பதிலும் அதுதான்: ராஜாஜி கொண்டுவந்தார், காமராஜர் ரத்து செய்தார்.

இரண்டு மார்க்குக்கு அது போதும். ஆனால் அந்தச் சண்டையின் அடியில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. ஒரு குழந்தைக்கு வீடு என்ன தருகிறது? அது சொத்தா, சுமையா? பள்ளிக்கூடம் வீட்டுக்குத் துணையாக இருக்க வேண்டுமா, அல்லது வீட்டில் இல்லாததைத் தர வேண்டுமா? உலகம் முழுக்க சமூகவியல்காரர்களும் பொருளாதாரக்காரர்களும் இன்றுவரை இதை ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள். சென்னை மாநிலத்தில் இதற்கு ஒரு ஆட்சியே விலை ஆனது.

முதலில் திட்டம் என்ன என்று பார்ப்போம். 1952 தேர்தலில் காங்கிரசுக்கு 375க்கு 152 இடங்கள்தான் கிடைத்தன. பெரும்பான்மை இல்லாத நிலையில், தேர்தலில் நிற்காத ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராகி முதலமைச்சர் ஆனார். 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்து ஆண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு சொல்லியிருந்தது. 1951 கணக்குப்படி இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுத்தறிவு சுமார் 21 சதவீதம். ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டிடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை, பணமும் இல்லை.

ராஜாஜி கண்டுபிடித்த வழி, கையிலிருப்பதை இரண்டாகப் பிரிப்பது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஷிப்ட் முறை. ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாகும். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். அதே வாத்தியார், அதே கட்டிடம், இரட்டிப்புப் பிள்ளைகள். செலவுக் கணக்கு மட்டும் பார்ப்பவனுக்கு இது அபாரமான யோசனையாகத்தான் தெரியும்.

பிரச்சினை மிச்ச நேரத்தில் வந்தது. பள்ளியில் இல்லாத அரை நாளில் பையன் அப்பாவின் தொழிலைக் கற்க வேண்டும். பெண் பிள்ளை அம்மாவிடம் வீட்டு வேலை கற்க வேண்டும். அப்பாவுக்குக் கைத்தொழில் இல்லை என்றால் ஊரில் வேறொரு உழவரிடமோ தொழிலாளியிடமோ போகலாம். நகராட்சிப் பகுதிகளுக்கு இதெல்லாம் கிடையாது, கிராமத்துக்கு மட்டும்.

"குலம்" என்ற சொல் திட்டத்தில் எங்கும் இல்லை என்று ராஜாஜி தரப்பு சொன்னது. எழுத்துப்படி பார்த்தால் உண்மைதான். ஆனால் 1953ல் ஒரு கிராமத்தில் "அப்பா தொழில்" என்று சொல்லிவிட்டு "சாதி சொல்லவில்லையே" என்பது, ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு முகவரி சொல்லவில்லையே என்பது போலத்தான். வண்ணார் வீட்டுப் பையன் வெளுக்கப் போவான், நாவிதர் வீட்டுப் பையன் சவரப் பெட்டி தூக்குவான், தோட்டி வீட்டுப் பையன் எங்கே போவான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளை மகன் கணக்கு கற்பான், புரோகிதர் மகன் வேதம் கற்பான். திட்டத்தின் கீழ் எல்லோருக்கும் ஒரே மூன்று மணி நேரம்தான். மிச்ச மூன்று மணி நேரத்தில்தான் முழு வித்தியாசமும் இருந்தது.

இந்த இடத்தில் ராஜாஜிக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர் கைத்தொழிலை மட்டமாக நினைத்தவர் அல்ல. 1925ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, கதரும் தீண்டாமை ஒழிப்பும் என்று வருடக்கணக்கில் உழைத்தவர். 1952ல் தஞ்சைப் பண்ணையாட்களுக்கும் குத்தகைதாரர்களுக்கும் பாதுகாப்பு தரும் அவசரச் சட்டம் போட்டதும் அவர் அரசுதான். பள்ளிக்கூடம் என்றால் நான்கு சுவர் மட்டுமல்ல, கிராமமே ஒரு பள்ளிக்கூடம், தறியும் ஏரும் அதன் பாடங்கள் என்பது அவருடைய எண்ணம். குமாஸ்தாக்களை மட்டும் உற்பத்தி செய்யும் படிப்பின் மீது அவருக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபம் காந்தியிடமும் இருந்ததுதான்.

காந்தியின் பெயரைச் சொல்லித்தான் திட்டத்துக்கு ஆதரவும் தேடினார்கள். 1937ல் வார்தாவில் பேசப்பட்டு, ஜாகிர் உசேன் குழு வடிவமைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை மையமாகக் கொண்டதுதான். ஆனால் அதில் தொழில் பள்ளிக்குள் இருந்தது. வக்கீல் மகனும் நூற்க வேண்டும், சக்கிலியர் மகனும் நூற்க வேண்டும், சொல்லித் தருபவர் ஆசிரியர். ராஜாஜியின் திட்டத்தில் தொழில் வீட்டுக்குப் போய்விட்டது, ஆசிரியர் அப்பா. வார்தாவில் எல்லோரும் ஒரே தறியில் உட்கார்ந்தார்கள். இங்கே அவனவன் அவனவன் வீட்டுத் திண்ணையில். ஒரு சின்ன இடமாற்றம், அதில் திட்டத்தின் பொருளே மாறிவிட்டது.

இதில் சுவாரசியமான விஷயம், இந்தச் சண்டையில் முக்கியமான மூன்று பேரின் சொந்தச் சிறுவயதுக் கதைகள். 

ராஜாஜி 1878ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தார். அப்பா சக்கரவர்த்தி ஐயங்கார் அந்த ஊர் முன்சீப். மகன் அப்பாவுடன் ஊர்க் கணக்கைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடவில்லை. ஓசூரில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்குப் போய், சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய், சட்டம் படித்து, 1900ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். அப்பா தொழிலில் இருந்து தப்பித்ததுதான் அவர் வாழ்க்கையின் முதல் படி.

பெரியார் 1879ல் ஈரோட்டில் பிறந்தார். அப்பா வெங்கட்ட நாயக்கர் ஏழையாக இருந்து, கல்வேலை, வண்டி என்று உழைத்து, பெரிய மண்டிக்கடை முதலாளி ஆனவர். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை. பத்து வயதோடு படிப்பு நின்றது, பன்னிரண்டு வயது வாக்கில் அப்பாவின் மண்டியில் வேலை. அதாவது ராஜாஜி சொன்னதை அப்படியே செய்தவர் பெரியார்! அதைச் செய்து நன்றாகவும் வந்தார். வியாபாரத்தில் கெட்டி, ஈரோட்டு நகராட்சித் தலைவர். ஆனால் அவருக்கு அப்பா தந்தது மண்டித் தொழில் மட்டுமல்ல, மண்டியும் சேர்த்து.

காமராஜர் 1903ல் விருதுநகரில் பிறந்தார். அப்பா குமாரசாமி தேங்காய் வியாபாரி. ஆறு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா சிவகாமியின் நகைகளை விற்றுக் குடும்பம் ஓடியது. படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்தது, பிறகு மாமாவின் ஜவுளிக்கடை. அவர் படித்த சத்திரிய வித்யாசாலா நாடார் சமூகத்தார் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி. வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்ற காசில் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. பிடி அரிசித் திட்டம் என்று அதற்குப் பெயர்.

மூன்று பேரில் ஒருவர் அப்பா தொழிலை விட்டு வெளியேறினார். ஒருவர் அதில் நுழைந்து சொத்தோடு வளர்ந்தார். ஒருவருக்கு அப்பாவே இல்லை. "அப்பாவிடம் கற்றுக்கொள்" என்று அரசாங்கம் சொல்லும்போது மூன்று பேர் காதிலும் அது மூன்று விதமாக விழுந்திருக்கும் என்பதில் ஆச்சரியமில்லை.

வீட்டில் தொழில் கற்பது நடக்காத காரியமா? நடந்திருக்கிறது, உலகத் தரத்தில் நடந்திருக்கிறது. காமர்ஸ் படிக்கிறவர்கள் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டிய உதாரணம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

செட்டிநாட்டுப் பையன் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம் செய்வான். முந்திரி, காணி, மா என்று பின்னங்கள் விரல் நுனியில் இருக்கும். வட்டிக் கணக்கு மனதுக்குள்ளேயே ஓடும். பதின்ம வயதில் கடைக்குப் போவான், அதுவும் பக்கத்துத் தெருக் கடை அல்ல, ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன். அங்கே பெட்டியடிப் பையனாகத் தொடக்கம். கூட்டிப் பெருக்குவது, பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்வது, பேரேடு பார்ப்பது. கொஞ்சம் தேறினால் அடுத்தாள். அதற்கும் மேல் ஏஜென்ட், மூன்று வருடக் கணக்கில் கடை முழுவதும் அவன் பொறுப்பு. பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் பேனா பிடித்து எழுதியே கற்றது. பி.காம் பட்டம் எதுவும் கிடையாது. அப்படிப் பழகியவர்கள்தான் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்கே கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல் போய், அந்தப் பத்தாண்டின் முடிவில் முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் கால்பங்கு இவர்கள் கையில் வந்து சேர்ந்தது. (பர்மியர்கள் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை. 1942ல் ஜப்பான் படையெடுப்போடு அந்தச் சாம்ராஜ்யம் முடிந்தது.)

ஆக, குடும்பப் பயிற்சி வேலை செய்யும். ஆனால் எதனால் வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். பையனுக்குக் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவன் ஏஜென்ட் வேலையில் தேறினால் தனிக்கடை போட உறவுக்காரர்களின் முதல் இருந்தது. நகரத்தார் கோயில்களை ஒட்டிய உறவு வலை இருந்தது. இன்னார் மகன் என்று சொன்னால் ஊர் ஊராகக் கடன் கிடைக்கும் நம்பிக்கை இருந்தது. பேலன்ஸ் ஷீட்டில் குட்வில் என்று ஒரு வரி வரும் அல்லவா, அது. தொழிலும் முதலும் பெயரும் சேர்ந்து கைமாறும்போது அதற்குப் பெயர் பரம்பரைச் சொத்து. தொழில் மட்டும் கைமாறினால்?

நெசவாளி வீட்டுப் பையனை எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்திலோ சேலத்திலோ எட்டு வயதில் தார் சுற்றுவான், அப்பாவுக்குக் கோர்வை இழுப்பான். சந்தேகமில்லாமல் திறமைதான், எந்தக் கல்லூரியும் தராத திறமை. ஆனால் நூல் மாஸ்டர் வீவருடையது, விலை வியாபாரியுடையது, தறியின் மேலே கடன். திறமை வளர வளரக் கடனும் கைமாறும். பண்ணையாள் மகனுக்கு இன்னும் மோசம். அவனுக்கு "மதியம் தொழில் கற்றல்" என்றால் மிராசுதார் மாட்டை மேய்ப்பது. அதில் மூன்றே நாளில் கற்று முடிக்க என்ன இருக்கிறது, ஐந்து வருடம் கற்க?

பனையேறி மகனின் நிலைமைதான் வேடிக்கையும் வேதனையும். 1937ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது ராஜாஜி. 1948க்குள் அது மாநிலம் முழுக்க வந்துவிட்டது. கள் இறக்குவது குற்றம். பதநீர், கருப்பட்டி என்று மட்டும் பிழைக்க வேண்டும். ஒரு கையால் அப்பா தொழிலில் பாதியைச் சட்டம் பிடுங்கிக்கொண்டது, ஐந்து வருடம் கழித்து மறுகையால் மகனை அதே தொழிலைக் கற்கச் சொன்னது. நாடார்கள் இந்த மரத்தில் இருந்து இறங்கியது எப்படி என்று பார்த்தால் பதில் வேறு விதமாக இருக்கிறது. வியாபாரத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சின்னப் பங்கை மகமை என்று ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள். அந்த நிதியில் பேட்டைகள், கோயில்கள், பள்ளிகள். அப்பா தொழிலைக் கற்க யாரும் பிடி அரிசி எடுத்து வைக்கவில்லை. அதை விடுவதற்கு எடுத்து வைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. வீட்டுப் பயிற்சியில் கொடிகட்டிப் பறந்த அதே செட்டியார்கள் தங்கள் பணத்தை எதில் போட்டார்கள்? 1929ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1947ல் காரைக்குடியில் அழகப்பா கல்லூரி. பேரேடு கற்றுத்தர அவர்களுக்கு யாரும் தேவைப்படவில்லை, ஆனாலும் பல்கலைக்கழகம் கட்டினார்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று வட்டிக்கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா?

காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதற்கு அரசாங்கக் கணக்கே இருந்தது. 1912 வாக்கில் சென்னை மாகாணத்தில் மூன்று சதவீதம் அளவே இருந்த பிராமணர்கள் டெபுடி கலெக்டர்களில் பாதிக்கு மேல், மாவட்ட முன்சீப்களில் 70 சதவீதத்துக்கு மேல். இதை வெறும் சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது, அதே நேரம் வெறும் திறமை என்றும் சொல்லிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக எழுத்தோடு புழங்கிய வீடுகள். ஏடு இருக்கும், பாராயணம் இருக்கும், மனப்பாடம் பழக்கமாக இருக்கும், பரீட்சைக்குப் போன மாமா ஒருவர் இருப்பார். வெள்ளைக்காரன் பரீட்சை வைத்தபோது அந்த வீட்டுப் பழக்கம் மார்க்காக மாறியது. பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் பிற்காலத்தில் இதற்குக் கலாச்சார மூலதனம் என்று பெயர் வைத்தார். பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது என்று தோன்றும், ஆனால் அது கேட்பது சில வீடுகளில் மட்டும் இருக்கும் பொருளை என்பது அவர் வாதம். நீதிக்கட்சியும் 1920களின் வகுப்புவாரி அரசாணைகளும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தன.

அப்படிப்பட்ட மாநிலத்தில், பள்ளி நேரத்தைக் குறைத்து வீட்டு நேரத்தைக் கூட்டுவது என்றால் அரசியல் கொஞ்சமும் தெரியாதவருக்குக்கூட விளைவு புரிந்திருக்கும். ராஜாஜி மாதிரி ஒரு கூர்மையான மனிதருக்கு எப்படிப் புரியாமல் போனது என்பதுதான் புதிர். சட்டசபையிலும் கட்சியிலும் போதுமான அளவு கலந்து பேசாமலேயே 1953 ஜூனில் திட்டத்தைத் தொடங்கிவிட்டார்.

பிறகு நடந்தது வேகமானது. ஜூலையில் தி.மு.க. மும்முனைப் போராட்டம் நடத்தியது. அதில் ஒரு முனை ஈ.வெ.கி.சம்பத் தலைமையில் ராஜாஜி வீட்டு முன் மறியல். இன்னொரு முனைதான் மு.கருணாநிதி ரயில் தண்டவாளத்தில் படுத்த கல்லக்குடி. திராவிடர் கழகமும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். ஆளும் காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. ஜூலை 29 அன்று சட்டசபையில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சமநிலையில் தீர்மானம் தோற்றது. உடனே அடுத்த தீர்மானம், திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர் குழு ஆராய வேண்டும் என்று. அது 139க்கு 137 என்று நிறைவேறியது. ஆளும் அரசு தன் சபையிலேயே தோற்றது.

பருலேகர் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. நவம்பரில் அறிக்கை வந்தது. திட்டம் சரியானதே என்றது குழு! கல்வி நிபுணர்கள் சரி என்றதும் அரசியல்வாதிகள் தவறு என்றதும் அரிதாக நடக்கும். அதிலும் அரசியல்வாதிகள் பக்கம் நியாயம் இருப்பது இன்னும் அரிது. நிபுணர்கள் மணி நேரத்தையும் செலவையும் பாடத்தையும் பார்த்தார்கள். மிச்ச அரை நாளில் எந்தப் பிள்ளை எந்த வாசலில் போய் நிற்பான் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

அறிக்கை ராஜாஜியைக் காப்பாற்றவில்லை. 1954 ஜனவரியில் ஈரோட்டில் பெரியார் எதிர்ப்பு மாநாடு கூட்டினார். கட்சிக்குள் நெருக்கடி முற்றியது. உடல்நலத்தைக் காரணம் சொல்லி ராஜாஜி விலகினார். தலைவர் தேர்தலில் ராஜாஜி பக்கம் நின்ற சி.சுப்பிரமணியம் காமராஜரிடம் தோற்றார். ஏப்ரல் 13 அன்று காமராஜர் முதலமைச்சர். தோற்ற சி.சுப்பிரமணியத்தையே அமைச்சரவையில் எடுத்துக் கல்வித்துறையையும் கொடுத்தார். மே 18 அன்று திட்டம் கைவிடப்படுகிறது என்று அறிவித்தவர் அதே சி.சுப்பிரமணியம். காமராஜரின் அரசியல் சாமர்த்தியத்துக்கு இந்த ஒன்றே போதும்.

பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் ராஜாஜியை அந்தத் திட்டத்துக்குத் தள்ளிய பிரச்சினை மே 18க்குப் பிறகும் அப்படியே இருந்தது. பணம் இல்லை, கட்டிடம் இல்லை. அதைவிட முக்கியமாக, ஏழை வீட்டுக்குப் பிள்ளையின் உழைப்பு தேவைப்பட்டது. பள்ளிச் சம்பளமே இல்லாவிட்டாலும் பள்ளிக்கூடம் இலவசம் அல்ல. ஆடு மேய்த்தால் கிடைக்கும் கூழ் போய்விடும். எகனாமிக்ஸ் வகுப்பில் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று சொல்வது இதைத்தான். ராஜாஜி இதைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தார். அரை நாள் பள்ளி என்றால் மிச்ச அரை நாள் பிள்ளை வீட்டுக்கு உதவியாக இருப்பான், பெற்றோர் தடுக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நோயை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கண்டார்கள், மருந்துதான் எதிரெதிர்.

காமராஜரின் மருந்து சோறு. மாடு மேய்த்த சிறுவனிடம் அவர் பேசிய கதை எல்லோருக்கும் தெரியும். கதையை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலே போதும். மேய்ச்சலில் கிடைக்கும் ஒரு வேளைக் கூழைப் பள்ளிக்கூடமே கொடுத்துவிட்டால் பிள்ளையை அனுப்புவதில் வீட்டுக்கு நஷ்டம் குறைகிறது. 1956ல் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊர் மக்களின் நன்கொடையில், பிறகு அரசு மானியத்தோடு. கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு இதில் ஓடி ஓடி உழைத்தவர். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்க்காரர்களே பெஞ்சு, கரும்பலகை, ஓடு, கட்டிடம் என்று கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை. விருதுநகரின் பிடி அரிசி, மாநிலத்துக்குப் பெரிதாக்கப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. அந்தப் பிடி அரிசியில் படித்தவர்தானே.

(பள்ளியில் சோறு போடுவது காமராஜரோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1920ல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. எம்.ஜி.ஆர். 1982ல் சத்துணவாக விரித்தார். 2022ல் மு.க.ஸ்டாலின் அரசு காலை உணவு தொடங்கியது. நூறு வருடமாக ஒரே யோசனை, வெவ்வேறு கட்சிகள்.)

எழுத்தறிவு 1951ல் 21 சதவீதத்திலிருந்து 1961ல் 31க்கு வந்தது. 2011ல் 80. இதில் எத்தனை பங்கு காமராஜருக்கு, எத்தனை பங்கு காலத்துக்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம், இந்தியா முழுக்கவும் ஏறியதுதான். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் பள்ளிக்கூடம் பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை முதன்முறையாகப் பார்த்தவை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். 1966ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு பலருக்கு அதிர்ச்சி. பள்ளிக்கூடத்தின் வசதிகளால் வரும் வித்தியாசத்தைவிட, பிள்ளையின் குடும்பப் பின்னணியால் வரும் வித்தியாசம்தான் மார்க்கில் பெரிதாகத் தெரிந்தது. அப்படியானால் பள்ளிகளைத் திறந்து என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் கோல்மன் ஒப்பிட்டது நல்ல பள்ளியையும் சுமாரான பள்ளியையும். 1956ல் ராமநாதபுரத்துக் கிராமத்தில் ஒப்பிட வேண்டியது பள்ளியையும் பள்ளி இல்லாமையையும். 1983ல் ஹேய்னிமனும் லாக்ஸ்லியும் 29 நாடுகளை ஒப்பிட்டு, ஏழை நாடுகளில் பள்ளியின், ஆசிரியரின் தரம் வீட்டைவிட அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். வீட்டில் எழுத்தே இல்லாத இடத்தில் வாத்தியார் எழுதும் ஒரு எழுத்துக்கும் மதிப்பு அதிகம். கிராமத்துப் பாட்டிகளுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரிந்திருந்தது.

ஆனாலும் கோல்மன் சொன்னதில் பாதி உண்மை தமிழ்நாட்டுக்கும் பின்னாளில் வந்து சேர்ந்தது. எல்லோரும் பள்ளிக்கு வந்த பிறகு சண்டை இடம் மாறியது. இப்போது ஆங்கில மீடியம், டியூஷன், நீட் கோச்சிங். மறுபடியும் வீட்டுக் காசும் வீட்டுப் பேச்சும் மார்க்காக மாறுகிறது. அரசும் விடாமல் வீட்டைப் பார்த்துத்தான் சலுகை வடிவமைக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-11ல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020ல், நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைக்குப் பிறகு. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் போய் நின்றால் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்று வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். ராஜாஜி அரசு "உன் அப்பா என்ன தொழில்?" என்று கேட்டது. இந்தச் சான்றிதழ் "உன் வீட்டில் யார் படித்தது?" என்று கேட்கிறது. இரண்டுமே வீட்டு விசாரணைதான், விசாரித்துவிட்டு அனுப்பும் திசைதான் வேறு.

பழைய கேள்வி செத்துவிட்டதா என்றால் இல்லை. 2023 செப்டம்பர் 17 அன்று மத்திய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. தச்சர், கொல்லர், குயவர், சலவைத் தொழிலாளி, முடிதிருத்துபவர் என 18 தொழில்களுக்குப் பயிற்சியும் குறைந்த வட்டிக் கடனும். கைத்தொழிலாளிக்குக் கடன் கிடைப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. 1953 திட்டத்தில் இல்லாத முதல் இதில் இருக்கிறது, அந்த வகையில் இது மேல்தான். ஆனால் விண்ணப்பிப்பவர் குடும்பம் வழிவழியாகச் செய்த தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. குறைந்தபட்ச வயது 18. எழுபது வருடம் கழித்து "குலக்கல்வி" என்ற அதே சொல் மேடைகளில் மறுபடி ஒலித்தது. குடும்பத் தொழில் என்றுதான் சொல்கிறோம், சாதி என்று எங்கே சொன்னோம் என்று எதிர்த் தரப்பும் அதே பழைய பதிலைச் சொன்னது.

தமிழ்நாடு அரசு ஒரு குழு அமைத்து ஆராய்ந்து, 2024 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதியது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள், விருப்பமுள்ள யாரும் விண்ணப்பிக்கலாம் என்று ஆக்குங்கள் என்று கேட்டது. ஏற்கப்படவில்லை. அந்த வருட நவம்பரில் திட்டத்தை இப்போதுள்ள வடிவில் செயல்படுத்த மாட்டோம் என்று அறிவித்து, 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கியது. அதில் அப்பா என்ன தொழில் செய்தார் என்ற கேள்வி கிடையாது.

அந்த ஜனவரிக் கடிதத்தில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. குறைந்தபட்ச வயதை 18லிருந்து 35 ஆக்க வேண்டும். 18 வயது என்பது பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற வயது.